பல தலைமுறை கண்ட கட்டுமான நிறுவனம் ஊருக்கு என்ன திருப்பிச் செய்யலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று தலைமுறையாக நடக்கும் ஒரு கட்டுமான நிறுவனத்தில் நெடுநாள் வேலை பார்த்தவன் நான். முதலில் சைட்டில் இருந்தேன், அப்புறம் நிறுவனத்தின் சமூகப் பணிகளைக் கவனிக்கும் பொறுப்பு வந்தது. நிறுவனம் நடத்துபவர்கள், அதில் வேலை செய்பவர்கள், உதவி கேட்டு வருபவர்கள் என எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களில் என் கருத்தும் இருக்கிறது, அதை மறைக்கவில்லை.

ஊருக்குத் திருப்பிச் செய்வது என்றால் நன்கொடை கொடுப்பதுதானே?

நன்கொடையும் அதில் சேர்த்திதான். ஆனால் பணம் யாரிடமும் கிடைக்கும். கட்டுமான நிறுவனத்திடம் மட்டும் கிடைக்கிற சில உண்டு. மண் அள்ளும் இயந்திரம், கிரேன், டிப்பர் லாரி இருக்கின்றன. விரிசலைப் பார்த்ததும் அது பூச்சில் விழுந்ததா, பாரம் தாங்கும் இடத்தில் விழுந்ததா என்று பிரித்துச் சொல்லும் பொறியாளர் இருக்கிறார். நூல் பிடித்துச் சுவர் எழுப்பத் தெரிந்த கொத்தனார் இருக்கிறார். எந்தப் பொருள் எங்கே நல்லதாகக் கிடைக்கும், எந்த அனுமதியை எந்த அலுவலகத்தில் வாங்க வேண்டும் என்ற அனுபவம் இருக்கிறது.

ஒரு பள்ளிக்கூடம் காசோலையை வாங்கிக்கொண்டு ஒப்பந்தக்காரரைத் தேடி அலைவதைவிட, அந்த நிறுவனமே தன் ஆட்களை அனுப்பி ஒழுகும் தளத்தைச் சரிசெய்து கொடுத்தால் உதவி முழுமையாகச் சேரும். என்னிடம் கேட்டால், தன் தொழிலில் இருந்து எடுத்துக் கொடுப்பதுதான் கட்டுமான நிறுவனத்தின் முதல் கொடை. பணம் அதற்கு அடுத்தது.

புதிய நிறுவனத்துக்கு இல்லாத என்ன கடமை பழைய நிறுவனத்துக்கு இருக்கிறது?

அது கட்டியவை எல்லாம் ஊரில் நிற்கின்றன, அவற்றுக்குள் மனிதர்கள் இருக்கிறார்கள். நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய மருத்துவமனையில் இன்றும் பிரசவம் நடக்கிறது, பாலத்தில் இன்றும் பேருந்து போகிறது. ஒப்பந்தத்தில் எழுதிய பொறுப்புக் காலம் முடிந்திருக்கலாம். ஆனால் அந்தக் கட்டடத்தைப் பற்றி வேறு யாருக்கும் தெரியாத விவரம் அந்த நிறுவனத்திடம்தான் இருக்கிறது.

உலகின் மிகப் பழைய நிறுவனம் என்று சொல்லப்படுவதே ஒரு கட்டுமான நிறுவனம்தான். ஜப்பானின் கொங்கோ குமி, கி.பி. 578-இல் ஒசாகாவின் ஷிதென்னோஜி கோயிலைக் கட்ட வந்த தச்சர்களிடமிருந்து தொடங்கியது. 2006-இல் இன்னொரு நிறுவனத்தோடு சேரும் வரை தனித்து நடந்தது. 1,400 ஆண்டுகள் தாக்குப்பிடித்ததற்கு ஒரு முக்கியக் காரணம், கட்டிய கோயிலை விட்டு அவர்கள் போகவில்லை. தீப்பிடித்தாலும் புயலில் சரிந்தாலும் மறுபடி எழுப்பினார்கள்.

எங்கள் நிறுவனத்தில் பழைய வரைபடங்கள் அறை நிறையக் கிடக்கின்றன. அவற்றால் யாருக்காவது பயன் உண்டா?

நிறைய உண்டு. தயவுசெய்து அவற்றைக் கழித்துக்கட்டிவிடாதீர்கள்.

பழைய பள்ளிக்கூடம் ஒன்று இன்னொரு மாடி எழுப்ப நினைக்கிறது என்று வையுங்கள். அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், பில்லருக்குள் எத்தனை கம்பி, என்ன கனம் என்பதுதான் பொறியாளர் கேட்கும் முதல் கேள்வி. வரைபடம் இருந்தால் ஒரு நாளில் பதில் கிடைக்கும். இல்லையென்றால் சுவரோரம் குழி தோண்டிப் பார்க்க வேண்டும், பில்லரைக் கொஞ்சம் கொத்திக் கம்பியை எண்ண வேண்டும், கான்கிரீட்டில் துளைபோட்டு மாதிரி எடுக்க வேண்டும். அந்தச் செலவுக்கு வழியில்லாதவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மாடி கட்டிவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எங்கள் நிறுவனத்தில் அந்த நீலப்படத்தாள்களை விரித்து ஸ்கேன் செய்த நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மடிப்புகளில் தாள் பொடிந்து உதிரும். ஓரங்களில் பென்சிலால் கிறுக்கிய குறிப்புகள் இருக்கும். ‘இங்கே பாறை வந்ததால் இரண்டு அடி மேலே நிறுத்தினோம்’ என்று ஒரு தாளில் எழுதியிருந்தது. எழுதியவர் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டார். அந்த ஒரு வரி அங்கே புதிய கட்டடம் கட்ட வந்தவர்களுக்குத் தேவைப்பட்டது. பொதுக் கட்டடங்களின் வரைபடங்களை அவற்றின் உரிமையாளர்களுக்கு இலவசமாகக் கொடுங்கள். சிறை, வங்கி போன்று பாதுகாப்பு சம்பந்தப்பட்ட கட்டடங்களுடையதை மட்டும் உரியவரிடம் நேரில் ஒப்படையுங்கள்.

தொழிலின் அறிவைக் காப்பாற்றுவதும் இதே வகைதான். 1610-இல் தொடங்கிய தகெனகா என்ற ஜப்பானிய நிறுவனம் 1984-இல் கோபே நகரில் தச்சுக் கருவிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தது. உளியும் இழைப்புளியும் இயந்திரங்களால் ஒதுக்கப்படும் காலத்தில், அவற்றைப் பிடித்த கைகளின் அறிவும் சேர்ந்து மறைந்துவிடக்கூடாது என்ற அக்கறை அதில் தெரிகிறது.

எங்கள் தொழிலாளர்களுக்கு நாங்கள் செய்வது சமூகப் பணியில் வருமா?

சட்டக் கணக்கில் பெரும்பாலும் வராது. உதாரணமாக, இந்தியாவின் நிறுவனச் சட்டம் 2013, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிடச் சொல்கிறது. சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் செலவை அதன் விதிகள் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது நியாயம்தான். தன் ஆட்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத் தர்மம் என்று பெயர் வாங்கக்கூடாது.

ஆனால் உண்மையில் சமூகம் என்பது சைட் வாசலுக்கு வெளியே தொடங்குவதில்லை. உள்ளே நிற்கும் சித்தாளும் கம்பி கட்டுபவரும் ஏதோ ஓர் ஊரின் குடும்பம்தானே. கட்டுமானத் தொழில் செய்த பெரிய நன்மைகள் சிலவற்றின் தொடக்கத்தைத் தேடிப் போனால், அது ஒரு சைட்டில்தான் போய் நிற்கும்.

1933-இல் கலிபோர்னியாவின் பாலைவனத்தில் கொலராடோ ஆற்றுக் கால்வாய் வேலை நடந்தபோது, சிட்னி கார்ஃபீல்ட் என்ற மருத்துவர் தொழிலாளர்களுக்காக ஒரு சிறு மருத்துவமனை தொடங்கினார். அடிபட்டு வந்த பிறகு பணம் வசூலிக்க முடியவில்லை, மருத்துவமனை மூழ்கும் நிலைக்கு வந்தது. அப்புறம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 சென்ட் என்று முன்கூட்டியே வாங்கும் ஏற்பாடு வந்தது. அதற்குப் பிறகு அவருடைய அக்கறையே மாறியது. ஆணி குத்தி வருபவருக்கு மருந்து போடுவதோடு நிற்காமல், சைட்டுக்குப் போய் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணிகளை அடித்து மடக்கச் சொன்னார். 1938-இல் கிராண்ட் கூலி அணையைக் கட்டிய ஒப்பந்தக்காரர் ஹென்றி கைசரின் குழு அவரை அங்கே அழைத்தது. போர்க்காலத்தில் கைசரின் கப்பல் கட்டும் தளங்களுக்கும் அந்தத் திட்டம் போனது. 1945-இல் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. கைசர் பெர்மனென்ட்டே என்று இன்று லட்சக்கணக்கானோருக்கு மருத்துவம் பார்க்கும் அமைப்பு அதுதான்.

இன்னொன்று குழந்தைகள் பற்றியது. 1969-இல் டெல்லியில் கட்டட வேலை நடந்த இடத்தில், தாய் கல் சுமக்கக் கைக்குழந்தை வெயிலில் கிடப்பதைப் பார்த்த மீரா மகாதேவன், அந்த இடத்திலேயே ஒரு கூடாரம் போட்டுக் குழந்தைகள் காப்பகம் தொடங்கினார். வேலை முடிந்து தொழிலாளர்கள் அடுத்த சைட்டுக்குப் போனால் காப்பகமும் கூடவே போகும். அதனால்தான் அதற்கு மொபைல் கிரெஷஸ் என்று பெயர். பிற்பாடு 1996-இல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டம், 50-க்கும் மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அறை ஒதுக்க வேண்டும் என்று சொன்னது.

அந்தச் சட்டம் ஐம்பது என்றது. ஐந்து பெண்கள் இருந்தாலும் குழந்தை குழந்தைதான். கான்கிரீட் கலவை இயந்திரத்துக்கும் கம்பிக் குவியலுக்கும் நடுவே தவழும் குழந்தையைப் பார்த்தவர்கள் எண்ணிக்கைக்காகக் காத்திருக்க மாட்டார்கள். நிழலான ஓர் அறை, தடுப்பு, நல்ல தண்ணீர், பார்த்துக்கொள்ள ஒரு நம்பகமான பெண் இருந்தாலே தொடங்கலாம்.

அந்தக் காலத்து முதலாளிகள் இதையெல்லாம் யோசித்தார்களா?

சிலர் யோசித்தார்கள். லண்டனில் பெல்கிரேவியா, பிம்லிகோ பகுதிகளைக் கட்டிய தாமஸ் கியூபிட் (1788–1855) அதில் ஒருவர். அதுவரை கொத்து வேலைக்கு ஒருவர், தச்சு வேலைக்கு ஒருவர் என்று தனித்தனியாக ஒப்பந்தம் போடுவார்கள், வேலை முடிந்ததும் ஆட்கள் கலைந்துவிடுவார்கள். கியூபிட் எல்லாத் தொழில் ஆட்களையும் நிரந்தரமாகத் தன் கீழ் வைத்துக்கொண்டார். அவர்களுக்கு இடைவிடாமல் வேலை கொடுக்க வேண்டுமே என்பதற்காகத் தானே நிலம் எடுத்து வீடுகள் கட்டினார்.

1854-இல் அவருடைய பட்டறைகள் எரிந்துபோயின. தச்சர்களின் சொந்தக் கருவிகளும் அதோடு போயின. செய்தி கேட்டதும் அவர் சொல்லி அனுப்பியது இரண்டு விஷயம்: ஒரு வாரத்துக்குள் எல்லாருக்கும் வேலை இருக்கும், கருவிகள் வாங்க 600 பவுண்டு தருகிறேன். கருவி போன தச்சனுக்குக் கையே போன மாதிரி. அது தெரிந்தவர் என்பதால்தான் அவருக்கு முதலில் அது தோன்றியது.

நாங்கள் கட்டிக் கொடுத்த கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. எங்கே தவறு?

இந்தக் கேள்வியை நானே என்னிடம் கேட்டுக்கொண்டதுண்டு.

ஒரு பள்ளியில் பெண் குழந்தைகளுக்குக் கழிப்பறைத் தொகுதி கட்டிக் கொடுத்தோம். நல்ல டைல்ஸ், நல்ல கதவு, காற்றோட்டம் எல்லாம் இருந்தது. ஒரு வருடம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். கதவில் பூட்டுத் தொங்கியது. உள்ளே உடைந்த பெஞ்சுகளை அடுக்கியிருந்தார்கள். விசாரித்தால், மோட்டார் நான்கே மாதத்தில் எரிந்துவிட்டது, சரிசெய்யப் பள்ளியிடம் பணம் இல்லை. தண்ணீர் இல்லாத கழிப்பறை நாறியது, நாறியதால் பூட்டினார்கள். பிள்ளைகள் பழையபடி வீட்டுக்குப் போகும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தத் தலைமையாசிரியர் எங்களைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக உறுத்தியது. மோட்டாரை மாற்றி, மேல்தொட்டியைக் கொஞ்சம் பெரிதாக வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்கள் பிளம்பர் போய்ப் பார்க்கும்படி ஏற்பாடு செய்தோம். அதற்குப் பிறகு எந்தப் பொதுக் கட்டடத்தைக் கையில் எடுத்தாலும் கட்டுமானச் செலவோடு பராமரிப்புச் செலவையும் முதல் நாளே ஒதுக்கிவைக்கும் வழக்கம் வந்தது.

கட்டும் முன்னால் கேட்க வேண்டியவை இவைதான். தண்ணீர் எங்கிருந்து வரும்? மின்கட்டணம் யார் கட்டுவார்கள்? யார் கூட்டுவார்கள், அவருக்குச் சம்பளம் உண்டா? தாழ்ப்பாள் உடைந்தால் யாரிடம் சொல்வது? இதற்கு மனிதர் பெயரோடு பதில் கிடைக்கும்வரை செங்கல் இறக்காதீர்கள்.

சாய்தளம் போன்ற சின்ன வேலைகளைச் செய்து கொடுப்பதில் என்ன இருக்கிறது?

சின்ன வேலை மாதிரித்தான் தோன்றும், ஆனால் அதிகம் தப்பாகச் செய்யப்படுவதும் அதுதான். சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்குப் பரவலாக ஏற்கப்பட்ட அளவு 1-க்கு 12. அதாவது வாசல் ஓர் அடி உயரத்தில் இருந்தால் சாய்தளம் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். பல இடங்களில் இடம் இல்லை என்று நான்கடியில் முடித்துவிடுகிறார்கள். அதில் ஏற முடியாது, இறங்கினால் விழுவார்கள். இடம் போதவில்லையென்றால் திருப்பி மடக்கிக் கட்டலாம். திருப்பத்தில் சமதளம் விட வேண்டும், இருபக்கமும் கைப்பிடி வேண்டும், தரை வழுக்கக்கூடாது. கட்டி முடித்ததும் சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவரை அழைத்து ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சரி என்றால் சரி.

இளைஞர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க என்ன செய்யலாம்?

சான்றிதழ் கொடுத்து அனுப்பும் ஒரு வாரப் பயிற்சியில் எனக்கு நம்பிக்கை இல்லை. கொத்தனார் வேலை கைக்கு வர நாளாகும்.

ஒரு மேஸ்திரி புதுப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்ததை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். முதல் நாள் கரணையையே கொடுக்கவில்லை. தூக்குக்குண்டைக் கையில் கொடுத்து, அது ஆடி நிற்கும்வரை பொறுத்திருக்கச் சொன்னார். பையன் அவசரப்பட்டுக் குண்டை விரலால் பிடித்து நிறுத்தினான். ‘நீ நிறுத்தினா அது உன் நேரு. அதுவா நின்னாத்தான் நேரு’ என்றார். அப்புறம் ரசமட்டம், மூலைமட்டம், நூல். மூன்றாம் வாரம்தான் முதல் செங்கல். அது இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், வெளியே தள்ளியிருந்தது. பையனையே பிரித்து மறுபடி வைக்கச் சொன்னார், திட்டவில்லை.

இதைத்தான் நிறுவனம் திட்டமாக மாற்ற வேண்டும். கற்றுக்கொள்ளும் காலத்திலும் கூலி கொடுக்க வேண்டும், ஏனென்றால் வீட்டில் அடுப்பெரிய வேண்டியவர்கள்தான் இந்த வேலைக்கு வருகிறார்கள். கற்றுக்கொடுக்கும் மேஸ்திரிக்கும் அதற்கென்று தனியாக நேரமும் ஊதியமும் வேண்டும். தளம் போடும் நாளில் ஒரே நேரத்தில் வேலையையும் பாடத்தையும் அவரிடம் எதிர்பார்த்தால் இரண்டும் கெடும். ஹெல்மெட், பூட்ஸ், உயரத்தில் ஏறும்போது மாட்டும் பெல்ட் ஆகியவை முதல் நாளே கொடுக்கப்பட வேண்டும்.

பெண்கள் விஷயத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். எத்தனையோ இடங்களில் பெண்கள் பத்து, இருபது வருடம் கலவை சுமந்தும் சித்தாளாகவே ஓய்ந்துபோகிறார்கள். கலவைப் பதம் கொத்தனாரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும், கரணையை மட்டும் யாரும் கையில் கொடுப்பதில்லை. பழைய நிறுவனம் மனது வைத்தால் மாற்றிவிடலாம். ஏற்கெனவே தன்னிடம் வேலை செய்யும் பெண்களில் விருப்பமுள்ளவர்களைக் கொத்து, டைல்ஸ், பெயின்டிங், வயரிங் பயிற்சிக்கு எடுத்து, தேறியதும் கொத்தனார் கூலியே கொடுத்தால் போதும். ஊரில் வேறு எந்த நலத்திட்டமும் ஒரு குடும்பத்தின் வருமானத்தை இந்த அளவுக்கு உயர்த்தி நான் பார்த்ததில்லை.

வெள்ளம், நிலநடுக்கம் வந்தால் கட்டுமான நிறுவனத்தின் பங்கு என்ன?

உணவும் உடையும் கொடுக்கப் பலர் வருவார்கள். அதைக் கொண்டுபோகச் சாலையைத் திறக்க வேண்டியவர்கள் இயந்திரம் வைத்திருப்பவர்கள்.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்கைப் பெரும் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கின. கடலோர நெடுஞ்சாலை சிதைந்துபோனது. உள்நாட்டில் வடக்கு தெற்காகப் போகும் நெடுஞ்சாலையைச் சீப்பின் முதுகாக வைத்து, அதிலிருந்து கடற்கரையை நோக்கிச் சீப்பின் பற்கள் போல வழிகளைத் திறப்பது என்று முடிவானது. மறுநாளே 11 வழிகளும், மார்ச் 15-க்குள் 15 வழிகளும் திறந்தன. அந்தந்த வட்டாரத்துக் கட்டுமான நிறுவனங்களின் ஆட்கள், தங்கள் வீடே என்னவானது என்று தெரியாத நிலையிலும் இயந்திரங்களோடு வந்து நின்றார்கள். சாலையைப் பழுதுபார்ப்பது அப்போது நோக்கமில்லை. இடிபாட்டை ஒதுக்கி, மீட்பு வண்டிகள் போகும் அளவுக்கு வழிவிட்டால் போதும் என்று வேலையைச் சுருக்கிக்கொண்டார்கள்.

இது அவ்வளவு வேகமாக நடந்ததற்குக் காரணம், பேரிடர் வந்தால் யார் எந்தப் பகுதிக்கு வர வேண்டும் என்று அரசும் நிறுவனங்களும் முன்பே ஒப்பந்தம் செய்திருந்ததுதான். ஆகவே அமைதியான நாளில் செய்ய வேண்டிய வேலை இது. உங்களிடம் உள்ள இயந்திரங்கள், ஓட்டுநர்கள், ஜெனரேட்டர்கள், தண்ணீர் இறைக்கும் பம்புகள், டீசல் இருப்பு ஆகியவற்றைப் பட்டியல் போட்டு உள்ளூர் நிர்வாகத்திடம் கொடுங்கள். நள்ளிரவில் யாரை அழைத்தால் சாவி கிடைக்கும் என்பதையும் அதில் எழுதுங்கள்.

வெள்ளம் வடிந்த பிறகு இன்னொரு பெரிய உதவி உண்டு. வீட்டுக்குள் திரும்பிப் போகலாமா வேண்டாமா என்று தெரியாமல் மக்கள் வாசலில் நிற்பார்கள். இரண்டு பொறியாளர்கள் தெருத்தெருவாகப் போய்ச் சுவரையும் அஸ்திவாரத்தையும் பார்த்து, போகலாம், போகக்கூடாது, சரிசெய்த பிறகு போகலாம் என்று சொன்னாலே பல உயிர்கள் தப்பும்.

வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் திட்டங்களில் சேரலாமா?

தாராளமாக. 1976-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மில்லர்ட் ஃபுல்லரும் லிண்டா ஃபுல்லரும் தொடங்கிய ஹாபிடாட் ஃபார் ஹியுமானிட்டி இதில் நல்ல முன்மாதிரி. வீடு பெறும் குடும்பமும் கட்டும் வேலையில் பல மணிநேரம் உழைக்க வேண்டும், வீட்டுக்கான கடனையும் தங்கள் சக்திக்கு ஏற்பக் கட்ட வேண்டும். முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1984 முதல் பல்லாண்டுகள் சுத்தியலோடு அந்த வேலைகளுக்குப் போனார்.

கட்டுமான நிறுவனம் இதில் சேரும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தன்னார்வலர்கள் ஆர்வத்தோடு வருவார்கள், ஆனால் சாரத்தில் ஏறத் தெரியாது. பெயின்ட் அடிப்பது, செங்கல் கைமாற்றுவது, செடி வைப்பது ஆகியவற்றை அவர்களிடம் விடுங்கள். அஸ்திவாரம், கம்பி, தளம், மின்சாரம் உங்கள் ஆட்கள் கையில் இருக்கட்டும். போட்ட கான்கிரீட்டைக் குறைந்தது ஒரு வாரமாவது தண்ணீர் விட்டு ஈரமாக வைத்திருக்க வேண்டும். திறப்பு விழாத் தேதிக்காக அதை யாரும் குறைக்கக்கூடாது. ஏழை வீட்டுக் கான்கிரீட்டும் அதே ஏழு நாள்தான் கேட்கும்.

மிஞ்சிய பொருட்களைக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், நல்லதாக இருந்தால். டைல்ஸ், கதவு, ஜன்னல், குழாய், சுவிட்சு போன்றவை நன்றாகப் பயன்படும். கனடாவின் வின்னிபெக்கில் 1991-இல் ஹாபிடாட் அமைப்பு, மிஞ்சிய கட்டடப் பொருட்களை நன்கொடையாகப் பெற்று விற்று அந்தப் பணத்தில் வீடு கட்டும் முதல் ரீஸ்டோர் கடையைத் திறந்தது. பிறகு அது பல நாடுகளுக்குப் பரவியது.

கொடுக்கக்கூடாதவையும் உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் கிடந்த சிமென்ட் மூட்டை வலிமை குறைந்திருக்கும், சோதிக்காமல் பில்லருக்கும் தளத்துக்கும் போடக்கூடாது. செதில் செதிலாகத் துருவேறிய கம்பி, ஈயம் கலந்த பழைய பெயின்ட், ஆஸ்பெஸ்டாஸ் தகடு இவற்றை யாருக்கும் தள்ளிவிடாதீர்கள். நம் கட்டடத்தில் போடத் தயங்கும் பொருளை இன்னொருவர் வீட்டுக்கு அனுப்புவது உதவி ஆகாது.

வேலை நடக்கும் தெருவில் இருப்பவர்களுக்கு?

பலர் மறப்பது இதைத்தான். எங்கோ தூரத்தில் பூங்கா அமைத்துக் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருமுவதைக் கவனிக்காமல் இருப்போம். கல்லும் கான்கிரீட்டும் வெட்டும்போது பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுக்கும். தண்ணீர் விட்டு வெட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். இரவில் கான்கிரீட் போடுவதாக இருந்தால் இரண்டு நாள் முன்பே வீடுவீடாகச் சொல்லுங்கள். தேர்வுக் காலத்தில் துளையிடும் வேலையைத் தள்ளிவையுங்கள். புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண்ணை வாசலில் எழுதி, அதை எடுக்க ஓர் ஆளை வையுங்கள். பிரிட்டனில் 1997 முதல் இதற்கென்றே ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதில் பதிவு செய்த சைட்டுகளுக்கு ஆய்வாளர்கள் வந்து, அக்கம்பக்கத்தாரிடமும் தொழிலாளர்களிடமும் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று மதிப்பெண் போடுகிறார்கள்.

தொழிலாளர் மனநலம் கட்டுமான நிறுவனத்தின் வேலையா?

ஆம். பல நாடுகளில் தற்கொலை விகிதம் அதிகமாக உள்ள தொழில்களில் கட்டுமானமும் ஒன்று. வீட்டை விட்டுத் தூரத்தில் தங்குவது, நிச்சயமில்லாத வேலை, உடல்வலி, குடி, கடன் எல்லாம் ஒன்றாகச் சேரும் இடம் இது. வாய் திறந்து சொல்லும் பழக்கமும் குறைவு. ஆஸ்திரேலியாவில் 2008-இல் தொடங்கிய மேட்ஸ் இன் கன்ஸ்ட்ரக்‌ஷன் அமைப்பு, சைட்டில் உள்ளவர்களுக்கே பயிற்சி கொடுத்து, சக தொழிலாளி தடுமாறுவதைக் கண்டுகொண்டு உதவி செய்யக்கூடியவர்களிடம் கொண்டுசேர்க்கக் கற்றுத்தருகிறது. பயிற்சி பெற்றவர்கள் ஹெல்மெட்டில் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், யாரிடம் பேசலாம் என்று எல்லாருக்கும் தெரியும். மேலாளரிடம் சொல்லாததைப் பக்கத்தில் கம்பி கட்டுபவரிடம் சொல்லிவிடுவார்கள்.

சட்டம் கட்டாயப்படுத்துவதால் செய்தால் அது சேவையா?

பயனடைபவருக்கு அதில் வித்தியாசம் இல்லை. இந்தியாவின் 2 சதவீத விதியை மேலே சொன்னேன். பிரிட்டனில் 2012-இல் வந்த ஒரு சட்டம், பொதுச் சேவை ஒப்பந்தங்களைத் திட்டமிடும்போது அதனால் சமூகத்துக்கு என்ன நன்மை வரும் என்பதையும் அரசு அமைப்புகள் யோசிக்க வேண்டும் என்கிறது. இப்படிப்பட்ட சட்டங்களால் வேலை நடக்கிறது, வரவேற்கிறேன். ஆனால் ஆண்டு முடிவில் ஒதுக்கிய பணத்தை எப்படியாவது தீர்க்க ஓடும் நிறுவனம், யாருக்குத் தேவை என்று கேட்க நேரமில்லாமல் எதையாவது வாங்கிக் கொடுத்துவிடும். ஆண்டின் தொடக்கத்திலேயே கேட்கப் போங்கள்.

பெயர்ப்பலகை வைக்கலாமா?

வைக்கலாம், சிறிதாக. அதில் நிறுவனத்தின் பெயரோடு கட்டிய ஆண்டும், பழுது வந்தால் அழைக்க வேண்டிய எண்ணும் இருக்கட்டும். உதவி பெறும் குழந்தைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஒப்பந்தம் கொடுக்கும் அதிகாரி நன்கொடை கேட்டால்?

அவர் பரிந்துரைக்கும் அமைப்புக்குக் கொடுக்காதீர்கள். டெண்டர் நிலுவையில் இருக்கும்போது அந்தத் துறை சம்பந்தப்பட்ட எந்தக் கொடையும் வேண்டாம். கொடுத்தவை, கொடுத்த தேதி, காரணம் எல்லாவற்றையும் வெளியிடுங்கள்.

உதவி கேட்டு நிறுவனத்துக்கு எழுதுவது எப்படி?

பொதுவாக ‘உதவி செய்யுங்கள்’ என்று எழுதினால் அந்தக் கடிதம் மேசையிலேயே தங்கிவிடும். இடத்தைச் சொல்லுங்கள், பழுதைச் சொல்லுங்கள், நான்கைந்து படம் இணையுங்கள். எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், நிலம் யாருடையது, அனுமதி இருக்கிறதா என்று எழுதுங்கள். வேலை முடிந்த பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் சேர்த்தால், உங்கள் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு பொறியாளர் நேரில் வருவதற்கு வாய்ப்பு அதிகம். மழைக்காலத்துக்கு மூன்று மாதம் முன்னால் எழுதுங்கள். தளம் ஒழுகுகிறது என்று மழையில் வரும் கடிதத்துக்கு மழை விட்ட பிறகுதான் வேலை செய்ய முடியும்.

நாங்கள் பத்துப் பேர் கொண்ட சிறிய நிறுவனம். எங்கே தொடங்குவது?

நீங்கள் கட்டிய பழைய பொதுக் கட்டடம் ஏதாவது ஒன்றுக்கு ஒரு மேஸ்திரியையும் பிளம்பரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மொட்டைமாடியில் ஏறி மழைநீர்க் குழாயின் வாயில் அடைத்திருக்கும் இலைகளை எடுங்கள், தண்ணீர் ஊற்றி எங்கே தேங்குகிறது என்று பாருங்கள், கைப்பிடிச் சுவரை ஆட்டிப் பாருங்கள். கீழே வந்து அங்கே வேலை செய்பவர்களிடம் எது தொந்தரவு தருகிறது என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதில் உங்களால் அன்றைக்கே முடிவதைச் செய்துவிட்டு, மற்றதற்குத் தேதி சொல்லிவிட்டு வாருங்கள்.